கரவனில் சிரித்த கிழமை

மச்சாள்,

போன மாதம் வெஸ்ட் ஈலிங் கோயில் தேருக்குப் போயிருந்தேன். தெருவோரத்தில் வடை சுட வந்தவர்கள் காஸ் அடுப்பைப் பற்றவைக்கப் படாதபாடு பட்டார்கள். காற்றில் நெருப்புக்குச்சி நாலைந்து அணைந்துவிட்டது. அதற்குள் காஸ் கொஞ்சம் வெளியே வந்து, கோவா இலை அழுகினால் வருகிற மாதிரி மணந்தது. பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றேன். பதினொரு வருடத்துக்கு முன், டோர்செட்டில் ஒரு பண்ணைக்காரரின் வயலில், நீங்கள் இரவல் வாங்கிய, கார் இழுத்துப்போகிற கரவன் வீட்டுக்குள் விடியற்காலையில் என்னை எழுப்பிய மணம் அது. கண்ணைத் திறந்தால் நீங்கள் தேத்தண்ணிக்குக் கேத்தல் வைத்துக்கொண்டு நிற்பீர்கள்.

ஆரணி என் சேலையை இழுத்து, "அம்மா, கம் ஒன், தேர் போயிடும்" என்றாள். அதன்பிறகுதான் கால் நகர்ந்தது.

நீங்கள் போய் ஒரு வருடமும் மூன்று மாதமும் ஆகிவிட்டன. உங்கள் ஆண்டுத் திவசத்துக்குப் பதினொரு கறியும் நானே சமைத்தேன். சாப்பிட்டவர்கள் எல்லோரும் கை கழுவும்போது, "தம்பி பெண்சாதி எண்டா இப்பிடியெல்லோ இருக்கவேணும்" என்று உங்கள் தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் தலையாட்டினார். நானும் நல்ல பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பு வந்தது. இதை நான் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. நீங்களும் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

நான் கலியாணம் முடித்து லண்டனுக்கு வந்தபோது, ஹீத்ரோவில் நான் பார்த்த முதல் முகம் உங்களுடையதுதான். குட்டையாக வெட்டிச் சுருட்டிவிட்ட தலைமயிர், வெள்ளை விளிம்பு வைத்த கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் பொட்டுப் பொட்டாகச் சிவப்புத் துணி. யாழ்ப்பாணத்தில் யாராவது அப்படி உடுத்திக்கொண்டு சந்திக்கு வந்திருந்தால் சைக்கிள்கள் ஒன்றோடொன்று மோதியிருக்கும். பதினைந்து வருடமாக இந்த ஊரில் பிரசவ வார்ட்டில் மிட்வைஃபாக வேலை. கணவர் காலமாகி, ஒரே மகனைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தீர்கள். யாருக்கும் எதற்கும் அனுமதி கேட்கிற பழக்கம் உங்களிடம் இல்லை. எனக்கு உங்களில் பயம் இருந்தது. அதைவிட அதிகமாக ஆசையும் இருந்தது. உங்களை மாதிரி ஆகவேண்டும் என்று நினைத்தேன் என்று சொன்னால் இப்போது நம்புவீர்களோ தெரியாது.

வந்த இரண்டு வருடத்துக்குள் எனக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றோடு போயின. இரண்டுமே ஆறாம் மாதத்தில். இரண்டு தரமும் நீங்கள்தான் பக்கத்தில் நின்றீர்கள். மூன்றாவதாக ஆரணி வயிற்றில் ஏழு மாதம் ஆனபோது எனக்கு பிரஷர் ஏறத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் அந்த வியாழக்கிழமை வந்தது. மாலையில், சொல்லாமல் கொள்ளாமல், ஸ்ட்ரெதத்தில் உங்கள் வீட்டிலிருந்து எங்கள் ஃபாரஸ்ட் கேட் அறைக்கு உங்கள் சிவப்புக் காரில் வந்து இறங்கினீர்கள்.

"பிள்ளை, உடுப்பை எடுத்து வை. நாளைக்கு விடிய வெளிக்கிடுறம்."

"எங்க மச்சாள்?"

"ஹொலிடே. வெள்ளைக்காரர் மட்டுந்தான் போகவேணுமோ? என்னோட வேலை செய்யிற பிள்ளையின்ர மனிசன் ஒரு பழைய கரவனைத் திருத்தி வச்சிருக்கிறான். ஒரு கிழமைக்குக் கேட்டு வாங்கியிட்டன். வந்து பார், நீ மயங்கி விழுவாய்."

உங்கள் தம்பி என் பெட்டியைக் காரில் ஏற்றும்போது என் முகத்தைப் பார்க்கவேயில்லை. தன்னைக் கூட்டிப்போகவில்லை என்று கோபம் என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் மகனை அவரோடு விட்டுவிட்டுப் புறப்பட்டோம். வழியெல்லாம் நீங்கள் பாட்டுப் போட்டீர்கள்.

அந்தக் கரவனை முதலில் கண்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் மறைக்க ஏலாது. அப்பச்சட்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி உருண்டை முதுகு. மேலே பால் வெள்ளை, கீழே இளம்பச்சை, நடுவில் சுற்றிவர மினுங்குகிற வெள்ளித் தகடு. முப்பது வருடத்துக்கு முன் செய்ததாம். உள்ளே தேன் நிறத்தில் பொலிஷ் போட்ட அலுமாரிகள், கட்டம் போட்ட மஞ்சள் திரைச்சீலை, சுவரில் கொளுவிய காஸ் விளக்கு, மடித்தால் மேசையும் விரித்தால் கட்டிலுமாகிற பலகை. வாசல்படியில் நின்று நீங்கள் கையை விரித்து, "பழைய ஸ்டைல்தான் பிள்ளை இனிப் புது ஸ்டைல்" என்றீர்கள். சுற்றிலும் ஆப்பிள் மரங்கள். பண்ணை வீட்டுத் தண்ணீர்க் குழாய் ஒன்று. தொலைபேசி என்று பார்த்தால், ஒன்றரை மைலுக்கு அப்பால் கிராமத்துச் சந்தியில் ஒரு சிவப்புக் கூண்டு மட்டும். அது இருக்கிறது என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும்.

எனக்கென்று நீங்களே தைத்த பூப்போட்ட கவுன் ஒன்றைக் கொண்டுவந்திருந்தீர்கள். வயிற்றுக்கு இடம் விட்டு, கழுத்துக்குப் பெரிய கொலர் வைத்து. நான் வெட்கப்பட்டேன். "ஆர் பாக்கிறது? மாடுதானே" என்று சொல்லிப் போட்டுவிட்டீர்கள். காலையிலும் மாலையிலும் என் கையில் பட்டியைச் சுற்றி பிரஷர் பார்த்து ஒரு சின்னப் புத்தகத்தில் எழுதினீர்கள். இறைச்சிச் சொசேஜ் பொரித்துத் தந்தீர்கள். புல்லில் கதிரை போட்டு என் வீங்கிய காலைத் தூக்கி உங்கள் மடியில் வைத்துக்கொண்டு வார்ட்டுக் கதைகள் சொன்னீர்கள். பிள்ளை பெறும்போது வெள்ளைக்காரிகள் புருஷனைத் திட்டுகிற திட்டுகளை அப்படியே நடித்துக் காட்டினீர்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு கிழமை நான் சிரித்ததில்லை. அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

ஒவ்வொரு நாளும் காலையில் பால் வாங்க என்று நடந்து போய் வருவீர்கள். திங்கட்கிழமையும் போனீர்கள். அன்றைக்கு வர நேரமாகியது. வந்தவுடன் பால் போத்தலை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். பிறகு சட்டியில் கிடந்த சொசேஜை எடுத்துக்கொண்டுபோய் பண்ணை நாய்க்குப் போட்டீர்கள்.

"ஏன் மச்சாள்?"

"பழுதாப்போச்சு. இனி மரக்கறிதான், பிரஷருக்கும் நல்லது. இஞ்ச வா, வெயில் நல்லா இருக்கு. தலை முழுகு. நான் வாக்கிறன்."

குழாயடியில் முக்காலி போட்டு என்னை இருத்தி, கேத்தலில் சுடவைத்த தண்ணீரை வாளியில் கலந்து, கோப்பையால் அள்ளி அள்ளி என் தலையில் வார்த்தீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்: "மச்சாள், அம்மா வாத்த மாதிரியே இருக்கு." தண்ணீர் நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அன்றைக்கு எண்ணவில்லை. "குனி, ஷாம்பூ கண்ணுக்குள்ள போகப்போகுது" என்று சொல்லிவிட்டு மீண்டும் வார்க்கத் தொடங்கினீர்கள். பிறகு நீங்களும் உட்கார்ந்து, மூன்று மணித்தியாலம் செலவழித்துச் சுருட்டிய அந்தத் தலையிலேயே ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டீர்கள். அதையும் நான் பகிடி என்று நினைத்துக் கைதட்டினேன்.

சாவுச் செய்தி கேட்டால் தலை முழுகவேண்டும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? சின்ன வயதிலிருந்து எத்தனை தரம் முழுகியிருக்கிறேன். ஆனால் பூக்கவுனும் ஆப்பிள் மரமும் பச்சைக் கரவனுமாக இருக்கும் இடத்தில், என் தாயின் சாவுக்கு என்னை இருத்தி ஒருத்தி முழுகவார்க்கிறாள் என்று எந்தப் பெண்ணுக்குத் தோன்றும்?

மத்தியானம் எனக்குச் சிவப்பு லிப்ஸ்டிக் பூசவேண்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன். உங்கள் கண்ணாடியையும் வாங்கிப் போட்டுக்கொண்டு கரவன் வாசல்படியில் சாய்ந்து நின்றேன். "இந்தப் படத்தை அம்மாவுக்கு அனுப்புவம் மச்சாள். பாத்திட்டு ஏசுவா" என்றேன். நீங்கள் கமராவைக் கண்ணில் வைத்தபடி, "ஓம், அனுப்புவம்" என்றீர்கள். படம் துளியும் ஆடாமல் விழுந்திருக்கிறது. உங்கள் கை அவ்வளவு உறுதி.

வீடு திரும்பிய பிறகு அம்மாவின் கடிதம் வரவில்லை. ஊரில் பிரச்சினை, தபால் ஓடவில்லை என்றீர்கள். ஊரில் எப்போதும் பிரச்சினைதான், நான் ஏன் சந்தேகப்படப் போகிறேன்? ஆரணி பிறந்தாள். உங்கள் கையில்தான் பிறந்தாள். முப்பத்தோராம் நாள் பிள்ளை பெற்ற துடக்குக் கழித்த கையோடு என்னைக் கட்டிலில் இருத்தி, என் நாடியைப் பிடித்துக்கொண்டு, அம்மா கரவன் கிழமையில் செத்துப்போனா என்று சொன்னீர்கள். உங்கள் தம்பி கதவோரம் நின்று சுவரைப் பார்த்தார். நான் கத்தினேன். நீங்கள் கையை விடவில்லை, நாடியை எண்ணிக்கொண்டே இருந்தீர்கள்.

அதையும் நான் பொறுத்துக்கொண்டேன். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு இழவு சொல்லக்கூடாது என்பது நம் சனத்தின் வழக்கம். என் தாயே இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பா. அழுது முடிந்தபோது உங்களுக்கு நன்றிகூடச் சொன்னேன். நினைவிருக்கிறதா?

ஐந்து வருடம் கழித்துச் சின்னமாமா கனடாவுக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். அம்மாவின் தம்பி, கொழும்பில் இருந்தவர். இடியப்பத்துக்குச் சொதி ஊற்றும்போது சாதாரணமாகக் கேட்டார்.

"ஏன் பிள்ளை, அண்டைக்கு ஒருக்கா எண்டாலும் போன் எடுத்திருக்கலாமே?"

"எண்டைக்கு மாமா?"

"அக்காவைக் கொழும்புக்குக் கொண்டுவந்து எங்கட வீட்டில வச்சிருந்த நேரம். டொக்டர் கையை விரிச்சிட்டார். வியாழக்கிழமை நான்தான் லண்டனுக்கு அடிச்சனான். உன்ர மச்சாள் கதைச்சவ. பிள்ளைக்கு இப்ப ஏலாது, ஒண்டு ரெண்டு நாளில எடுப்பா எண்டவ. அக்கா அதைப் பிடிச்சுக்கொண்டிட்டா. கட்டில்ல படுக்கமாட்டன் எண்டு போனுக்குப் பக்கத்தில கதிரையைப் போடச்சொல்லி, தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு, மூண்டு நாள் இருந்தவ. மணி அடிச்சா 'என்ர பிள்ளை' எண்டு கையை நீட்டுவா. உனக்குத் தெரியாதே?"

சொதிக் கரண்டியை மேசையில் வைத்தேன். அப்படியென்றால் வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. நான்கு நாள் அம்மா உயிரோடு இருந்திருக்கிறா. எங்கள் அறையில் போன் இல்லை, எல்லோருக்கும் உங்கள் நம்பர்தான். ஆனால் ஃபாரஸ்ட் கேட்டில் செய்தி போன் வழியாக மட்டுமா வரும்? மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும்போதே யாராவது வாய் தடுமாறிக் கேட்டிருப்பார்கள். அதனால்தான் டோர்செட். அதனால்தான் ஆப்பிள் மரம். பால் வாங்க என்று நடந்ததும் அந்தச் சிவப்புக் கூண்டுக்குத்தான். செத்த செய்தியை ஒளித்தீர்கள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். நீங்கள் ஒளித்தது உயிரோடு இருந்த என் அம்மாவை.

அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறி ஸ்ட்ரெதத்துக்கு வந்தேன். நீங்கள் குசினி அடுப்படியில் நகத்துக்குப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தீர்கள். சொன்னதைக் கேட்டுவிட்டு, பூசிய விரல்களை ஊதினீர்கள்.

"உன்ர பிள்ளையள் ரெண்டையும் துணியில சுத்தினது நான். உனக்குக் காட்டேல்லை, நான் பாத்தனான். மூண்டாவதையும் சுத்த எனக்கு ஏலாது எண்டு முடிவெடுத்தனான். கொம்மாவின்ர குரலைக் கேட்டிருந்தா நீ அழுது பிரஷரை ஏத்தியிருப்பாய்."

"அது என்ர அழுகை, மச்சாள்."

"ஆரணி இருக்கிறாள். வீட்டை போய் அவளைப் பார்."

அவ்வளவுதான். ஒரு 'ஐயோ' இல்லை. ஒரு 'பாவம்' இல்லை. நீங்கள் செய்தது சரியாகவும் இருக்கலாம், அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. பிழை என்று அடித்துச் சொல்ல முடிந்திருந்தால் அன்றைக்கே சண்டை பிடித்து உறவை முறித்திருப்பேன். முறிக்க முடியாமல் ஐந்து வருடம் உங்களோடு சிரித்தேன். பிறந்தநாளுக்கு வந்தேன், கேக் வெட்டினேன், ஆரணியை உங்கள் மடியில் விட்டேன். அவள் உங்களைத்தான் உலகத்திலேயே அழகான ஆள் என்று சொல்லுவாள். ஓம் என்று நானும் சொல்லுவேன்.

பிறகு உங்களுக்கு வயிற்றில் புற்று வந்தது. கண்டுபிடித்தபோதே ஈரலுக்கும் போயிருந்தது. உங்களுக்கு யாரும் எதையும் ஒளிக்க ஏலாது, ஸ்கான் படத்தை நீங்களே வாங்கிப் பார்த்துவிட்டு எங்களுக்கு விளங்கப்படுத்தினீர்கள். மகன் அபர்டீன் யூனிவர்சிட்டியில் கடைசி வருடப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். எங்கள் எல்லோரையும் கட்டிலைச் சுற்றி நிற்கவைத்து உத்தரவு போட்டீர்கள்.

"அவனுக்கு ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது. வயித்துப்புண் எண்டு சொல்லுங்கோ. அவன்ர சோதனை முடியட்டும்."

எல்லோரும் தலையாட்டினோம். பிள்ளைகளின் சோதனைக்காக எங்கள் சனம் எதையும் ஒளிக்கும். உங்கள் தம்பி வேலை முடிந்து வரும் நேரத்துக்கு மருந்து உங்களை உறங்கவைத்துவிடும். பகலில் நான்தான். முகம் துடைத்தேன், பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன், நகம் வெட்டினேன். வார்ட்டில் எல்லோரும் என்னை உங்கள் மகள் என்று நினைத்தார்கள்.

அந்தக் கடைசிக் கிழமை செவ்வாய்க்கிழமை, நல்ல தெளிவோடு கண்ணைத் திறந்தீர்கள். அவன் பெயரைச் சொன்னீர்கள்.

"அவனைக் கூப்பிடு. எனக்குக் காணவேணும். இனிக் கனநாள் இல்லை."

நான் போர்வையைச் சரிசெய்தபடி சொன்னேன்: "இன்னும் ரெண்டு பேப்பர் இருக்கு, மச்சாள். சோதனை முடியட்டும். நீங்கள்தானே சொன்னனீங்கள்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நீங்கள் கெட்டிக்காரி. ஒரு நொடியில் விளங்கிவிட்டது உங்களுக்கு. உங்களுக்கு விளங்கிவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கத் தேவையே இருக்கவில்லை.

புதன்கிழமை குரல் வரவில்லை. நோயாளிகள் பேசுவதற்காக வார்ட்டில் தள்ளிக்கொண்டு திரிகிற சில்லு வைத்த தொலைபேசி உங்கள் கட்டிலடியில் வந்து நின்றது. கையைத் தூக்கி அதைக் காட்டினீர்கள். "தண்ணியோ மச்சாள்?" என்று கேட்டேன். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். நேர்ஸ் வந்து, அழைக்கவேண்டியவர்கள் யாரும் இருக்கிறார்களா என்று என்னிடம் விசாரித்தாள். மகனுக்குச் சொல்லியாயிற்று, வந்துகொண்டிருக்கிறான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் ஆங்கிலம் அன்றைக்கு ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. நீங்கள் கேட்டுக்கொண்டு கிடந்தீர்கள்.

வியாழக்கிழமை கையும் இல்லை. கண் மட்டும் வார்ட்டுக் கதவுக்குப் போய் என்னிடம் வந்தது, திரும்பவும் கதவுக்குப் போனது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அதுவும் நின்றது. பன்னிரண்டரைக்கு அவன் கடைசிப் பேப்பரை எழுதி முடித்தான். முதல் வகுப்பு.

உங்கள் தம்பிக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. சில நாட்களில் இது எனக்கே திருப்தியாக இருக்கும். சில நாட்களில் ஆரணியின் தலையை வாரிக்கொண்டிருக்கும்போது கை நின்றுவிடும், "வட், அம்மா?" என்று அவள் திரும்பிப் பார்ப்பாள். உங்களை வெறுத்தேன். உங்களுக்காக அழுதேன். இரண்டும் ஒரே வார்ட்டில், ஒரே கதிரையில் இருந்துதான்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகன் கலியாண அழைப்பிதழைக் கொண்டுவந்தான். தட்டில் வைத்து முதல் அழைப்பிதழை எனக்குத்தான் தந்தான். தன் அம்மா நிற்கவேண்டிய இடத்தில் நான் நின்று ஆலாத்தி எடுக்கவேண்டுமாம். சோறு போட்டேன். பாதி சாப்பிட்டவன் கையை நிறுத்தினான்.

"மாமி, ஒண்டு கேக்கவேணும். டெல் மீ த ட்ரூத். அம்மா கடைசியில என்னைக் கேட்டவாவோ?"

இரண்டு வார்த்தை சொன்னால் போதும். என் நெஞ்சிலிருந்து இறங்கிவிடும். அவனுடைய நெஞ்சில் ஏறிவிடும், சாகும்வரைக்கும் இறங்காது. கலியாணத்துக்கு மூன்று கிழமை இருந்தது.

"இல்லையப்பு" என்றேன். "மருந்து மயக்கத்திலதானே கிடந்தவ. ஒண்டும் கேக்கேல்லை. நோகவும் இல்லை."

அவன் தோள் இரண்டும் கீழே இறங்கின. இந்த ஒன்றேகால் வருடமும் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறான், பாவம். "தாங்க் காட்" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான். போட்டேன். என் குரல் ஆடவில்லை, கரண்டியும் ஆடவில்லை.

செவ்வாய்க்கிழமை பெயர் சொல்லிக் கேட்டீர்கள். புதன்கிழமை கையால் கேட்டீர்கள். வியாழக்கிழமை கண்ணால் கேட்டீர்கள். மூன்றும் அவனுக்குச் சேரவேண்டியவை, மச்சாள். என்னிடம்தான் இருக்கின்றன. அவனுக்குக் கொடுக்கமாட்டேன்.